சிக்காகோவின் பழைய விடுதிக்காரர்

சிக்காகோ என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டு மாணவர் உள்ளத்தில் விவேகானந்தரின் உருவம் தோன்றும். 1893ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நகரில் உலகச் சமயப் பேரவை கூடிற்று. அதற்கு அவரை அனுப்பி வைப்பதற்காகச் சென்னை இளைஞர் சிலர் வீடுதோறும் சென்று பொருள் திரட்டினர். அவர் கண்ட சிக்காகோ, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நிறைந்த மாநகரம். ஆனால் அதற்கு அறுபத்தைந்து ஆண்டுகள் முன்னர் அதே இடத்தில் நின்று பார்த்தவர் கண்டவை வேறு. கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் புல், காலடியில் சேறு, ஆற்றங்கரையில் ஒரு சிறு கோட்டையும் சில மரக் குடில்களும். அக்குடில்களுள் ஒன்றில் வழிப்போக்கர்க்கு உணவும் படுக்கையும் கொடுத்து வந்த ஒரு மனிதரின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் மார்க் போபியன்.

இப்பெயரை நீங்கள் பாடநூல்களில் கண்டிருக்க மாட்டீர்கள். அவர் போர் புரிந்தவர் அல்லர். சட்டம் வகுத்தவர் அல்லர். பெருஞ்செல்வம் சேர்த்தவரும் அல்லர். மாணவனாக இருந்த காலத்தில், நகரம் என்பது மன்னர் அமைப்பது அல்லது வணிகர் வளர்ப்பது என்றே நானும் எண்ணியிருந்தேன். அமெரிக்க நகரங்களின் தோற்றத்தைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அவ்வெண்ணம் சற்று மாறிற்று. கோட்டையும் கடையும் இருந்தும் ஊராக வளராது போன இடங்கள் பல. முன்பின் அறியாத ஒருவன் அந்திப் பொழுதில் வந்து, ‘இன்றிரவு இங்கே தங்கலாமா?’ என்று கேட்கும்போது, ‘தங்கலாம்’ என்ற விடை எங்கே கிடைக்கிறதோ, அங்கேதான் ஊர் பிறக்கிறது. அந்த விடையைச் சொன்னவர்களுள் ஒருவர் போபியன். ஆதலின் அவர் வரலாறு ஒரு நகரம் பிறந்த வரலாறும் ஆகும்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். வட அமெரிக்காவின் நடுவே, மரங்கள் அடர்ந்த கிழக்குப் பகுதி முடியும் இடத்தில், பெரும் புல்வெளிகள் தொடங்குகின்றன. பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பிரெய்ரி என்றனர். அம்மொழியில் அதற்குப் புல்தரை என்பது பொருள். இவ்வெளியின் கிழக்குப் பகுதியில் புல் ஆளுயரத்துக்கும் மேலாக வளரும். மேடு பள்ளம் குறைவாதலால் மழைநீர் வடிவதற்கு வழியில்லை. இளவேனிலில் பனி உருகினால் நிலமெல்லாம் சேறாகும். வண்டிகள் அச்சுவரை புதையும். இத்தகைய வெளியின் ஓரத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்தது சிக்காகோ. அங்கு மிகுதியாக வளர்ந்த ஒருவகைக் காட்டுப் பூண்டுக்குப் பழங்குடி மக்கள் இட்ட பெயரே இடப்பெயராகவும் ஆயிற்று.

இந்தச் சேற்று நிலத்துக்கு மக்கள் ஏன் வந்தனர்? அதற்கு விடை நிலத்தின் அமைப்பிலேயே உள்ளது. சிக்காகோ ஆறு ஏரியில் கலந்தது. அங்கிருந்து மேற்கே சில மைல் தொலைவில் ஓடும் டெப்ளேன் ஆறோ இல்லினாய் ஆற்றோடு சேர்ந்து, மிசிசிப்பியில் கலந்து, தெற்கே மெக்சிக்கோ வளைகுடாவை அடைகிறது. இவ்விரண்டு நீர்வழிகளுக்கும் இடையே இருந்தது தாழ்ந்த ஒரு மேடே. படகைத் தோளில் சுமந்து அம்மேட்டைக் கடந்தால், பேரேரிகளிலிருந்து தென்கடல் வரையில் நீர் வழியாகவே செல்லலாம். பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இவ்வழியே 1673ஆம் ஆண்டில் மார்க்கெட், ஜோலியே என்ற பிரெஞ்சுக்காரர் இருவர் சென்றனர். அந்த மேட்டில் ஒரு கால்வாய் வெட்டினால் பெரும்பயன் விளையும் என்று ஜோலியே அப்பொழுதே கருதினார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கறுப்பினத்தவரான ஷான் பத்தீஸ்து பொயின் து சாபிள் என்பவர் ஆற்றின் முகத்துவாரத்தில் வீடும் பண்ணையும் அமைத்து வாழ்ந்தார். 1803இல் அமெரிக்க அரசு அங்கே டியர்பார்ன் கோட்டையைக் கட்டிற்று. 1812ஆம் ஆண்டுப் போரில் அது அழிந்தது. 1816இல் மீண்டும் எழுந்தது.

போபியன் 1800ஆம் ஆண்டில் டெட்ராய்ட் நகரில், பிரெஞ்சு வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தமையனார் ஷான் பத்தீஸ்து போபியன் விலங்குத் தோல் வணிகர். முன்னரே சிக்காகோவில் குடியேறியிருந்தவர். 1826இல் மார்க் போபியன் தம் மனைவி மக்களோடு டெட்ராய்டிலிருந்து புறப்பட்டுச் சிக்காகோ வந்து, ஆற்றங்கரையில் ஒரு மரக் குடிலை விலைக்கு வாங்கிக் குடிபுகுந்தார். விடுதி நடத்த வேண்டும் என்று திட்டமிட்டு அவர் வரவில்லை. ஆனால் வழியோடு வருபவர் தங்குவதற்கு அங்கே இடமில்லை. முதலில் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். பிறகு வேறொருவர் வந்தார். வீட்டில் சமைத்ததைப் பகிர்ந்துண்டு, அடுப்பருகே பாய் விரித்துப் படுத்து, காசு கொடுத்துச் சென்றனர். இவ்வாறு குடும்பத்தின் வீடு சிறிது சிறிதாக ஊரின் விடுதியாக மாறிற்று.

அக்காலத்துப் புல்வெளி விடுதியை இக்காலத்து ஓட்டலைப் போல எண்ணிவிடக் கூடாது. அறக்கட்டளையால் நடைபெறும் நம் நாட்டுச் சத்திரத்தைப் போன்றதும் அன்று அது. உண்ணவும், குடிக்கவும், உறங்கவும், குதிரையைக் கட்டவும் ஒருங்கே இடம் தரும் வணிக இல்லம் அது. கீழே ஒரு பெரிய கூடம். அதிலே அடுப்பும் நீண்ட மேசையும் மதுப் பீப்பாய்களும். மேலே கூரைக்கடியில் படுக்கும் இடம். தனியறை என்பது அரிது. ஒரு கட்டிலில் இருவர் மூவர் படுப்பதும், கட்டில் கிடைக்காதவர் தரையில் படுப்பதும் அன்றாட வழக்கம்.

போபியனின் விருந்தோம்பலைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவரிடம் போர்வைகள் குறைவு, வருவோரோ மிகுதி. முதலில் வந்தவருக்கு அவர் அன்போடு ஒரு போர்வை தருவார். பயணக் களைப்பால் அவர் அயர்ந்து உறங்கியதும் மெல்ல அதனை எடுத்து, அடுத்து வந்தவருக்குப் போர்த்திவிடுவார். அவரும் உறங்கியபின் மூன்றாமவருக்கு. கதை சற்று மிகைப்பட்டிருக்கலாம். ஆயினும், இடமில்லை என்று ஒருவரையும் திருப்பி அனுப்பாத மனிதர் என்பதை ஊரார் எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதை இக்கதை காட்டுகிறது. மாலையில் மேசைகளை ஒதுக்கிவிட்டு அவர் தம் பிடிலை எடுப்பார். கோட்டை வீரர், தோல் வணிகர், பழங்குடியினர், புதிதாக வந்த குடியானவர் ஆகிய அனைவரும் அவருடைய இசைக்கு நள்ளிரவு வரையில் ஆடுவர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத அந்த ஊரில் பிடிலின் மொழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1831ஆம் ஆண்டில் சிக்காகோவைத் தலைமையிடமாகக் கொண்டு குக் என்னும் மாவட்டம் அமைந்தது. புதிய மாவட்ட ஆட்சிக் குழு முதலில் செய்த செயல்களுள் ஒன்று, விடுதிகளுக்கு உரிமம் வழங்கி அவற்றின் கட்டணங்களை வரையறுத்தது. காலை உணவுக்கு 25 சென்ட். நண்பகல் உணவுக்கு 37½ சென்ட். இரவு உணவுக்கு 25 சென்ட். ஓர் இரவு படுக்க 12½ சென்ட். கூட்டிப் பாருங்கள், ஒருநாள் முழுவதும் உண்டு உறங்கச் சரியாக ஒரு டாலர் ஆகிறது. அதே பட்டியலில், ஒரு குதிரையை ஓர் இரவு வைத்திருக்க 50 சென்ட் என்று கண்டிருக்கிறது. மனிதன் படுக்கும் கட்டணத்தைப் போல நான்கு மடங்கு குதிரைக்கு! இதில் வியப்பில்லை. மனிதர் மூவர் ஒரு கட்டிலில் நெருங்கிப் படுப்பர். குதிரைக்கோ தனியிடமும் தீனியும் வேண்டும். பிழைபட்டால் பயணமே நின்றுவிடும்.

அரசு ஏன் இந்த விலைகளை வரையறுத்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இருட்டில் பனியில் வந்து சேர்ந்தவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. விடுதிக்காரர் கேட்ட விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். அந்நிலையைப் பயன்படுத்தி எவரும் கொள்ளையடித்தல் கூடாது என்பதே நோக்கம். அதே ஆண்டில் ஆற்றைக் கடக்க ஓடம் விடும் உரிமையும் போபியனுக்குக் கிடைத்தது. மாவட்ட மக்களைக் கட்டணமின்றி ஏற்றவேண்டும். வெளியூராரிடம் மட்டுமே காசு பெறலாம் என்பது நிபந்தனை. குதிரைப் பந்தயத்தில் ஆர்வம் மிகுந்த அவர் சில வேளைகளில் ஓடத்தை மறந்துவிட்டார் என்றும், பொழுது விடிந்தது முதல் இருட்டும் வரையில் இடைவிடாது ஓடம் விடவேண்டும் என்று ஆட்சிக் குழு கட்டளையிட நேர்ந்தது என்றும் கூறுவர்.

இதற்கிடையே ஊரின் நிலை மாறத் தொடங்கியிருந்தது. 1825இல் நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாய் திறக்கப்பட்டது. அதனால் அட்லாண்டிக் கரையிலிருந்து பேரேரிகளுக்கு நீர்வழி ஏற்பட்டது. முன்பு மலைகளைக் கடந்து வண்டியில் வந்தவர் இப்போது படகிலும் கப்பலிலும் வரலாயினர். ஜோலியே எண்ணிய கால்வாயை வெட்டுவதற்கு இல்லினாய் மாநிலம் முனைந்தது. அதற்கு வேண்டிய பணத்தை நிலம் விற்றுத் திரட்டும் பொருட்டு, ஜேம்ஸ் தாம்சன் என்னும் நில அளவையாளர் 1830ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் சிக்காகோவுக்கு ஒரு வரைபடம் தீட்டினார். சேற்றின்மீது நேர்நேரான தெருக்கள் காகிதத்தில் தோன்றின. போபியனின் குடிலோ தெருவின் நடுவே நிற்பதாக அமைந்துவிட்டது. அவர் அதற்காக வருந்தவில்லை. குடிலை அப்படியே நகர்த்தித் தெருவோரத்தில் வைத்துக்கொண்டார் என்பர்.

1831இல் அக்குடிலை ஒட்டி, அறுத்த பலகைகளால் ஈரடுக்கு வீடு ஒன்றை அவர் எழுப்பினார். வெள்ளை வண்ணம் பூசிய சுவர்களும் பளிச்சென்ற நீலச் சன்னற் கதவுகளும் கொண்ட அந்த வீடு அக்காலத்துச் சிக்காகோவில் ஓர் அதிசயம். அங்கு வாழ்ந்த ஜூலியட் கின்சி அம்மையார் பின்னாளில் எழுதிய நூலில், அந்தச் சிற்றூர் மக்கள் அதனை எவ்வாறு வியந்து நோக்கினர் என்பதைக் குறித்திருக்கிறார்.

புதிய விடுதிக்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பெரிய மனிதர் ஒருவரின் பெயரை இடுவதே வழக்கம் என்று பலரும் கூறினர். போபியன் தமக்குப் பெரியவராகத் தோன்றிய ஒருவரின் பெயரை இட்டார். சாகனாஷ் என்பது அப்பெயர். அது பில்லி கால்டுவெல் என்ற பழங்குடித் தலைவரின் சிறப்புப் பெயர். தமிழாராய்ந்த கால்டுவெல்லுக்கும் இவருக்கும் தொடர்பு இல்லை. இவருடைய தந்தை ஆங்கிலப் படையில் பணியாற்றிய ஐரிஷ்காரர். தாய் பழங்குடிப் பெண். பொட்டவாட்டமி மக்களிடையே செல்வாக்குடன் வாழ்ந்த இவரை அவர்கள் ‘ஆங்கிலேயன்’ என்ற பொருளில் சாகனாஷ் என்று அழைத்தனர். பிரெஞ்சு வழிவந்தவர் நடத்திய அமெரிக்க விடுதிக்கு, ஐரிஷ் தந்தைக்குப் பிறந்த பழங்குடித் தலைவரின் பெயர்! எல்லை நிலத்து வாழ்வு எத்தகையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்விடுதியின் கூடத்தில் உணவு மட்டும் பரிமாறப்படவில்லை. செய்தித்தாள் இல்லாத ஊரில் செய்தி கிடைக்கும் இடம் அதுவே. நிலம் விற்போரும் வாங்குவோரும் பேரம் பேசியதும், வழக்குகளைப் பற்றி வாதிட்டதும் அங்கேதான். 1833ஆம் ஆண்டில், சிக்காகோவைத் தன்னாட்சி பெற்ற சிறு நகரமாக ஆக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஆகஸ்ட்டு 5ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் ஆம் என்றவர் 12 பேர். வேண்டாம் என்றவர் ஒருவரே. ஆகஸ்ட்டு 10ஆம் நாள் போபியனின் வீட்டில் தேர்தல் நடைபெற்றது. 28 பேர் வாக்களித்து ஐந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தனர். பின்னாளில் உலகின் பெருநகரங்களுள் ஒன்றாக விளங்கப்போகும் சிக்காகோவின் முதல் நகராட்சி, முந்திய இரவின் ஆட்டத்துக்காக ஒதுக்கிய மேசைகளைச் சுற்றியே தோன்றியது எனலாம்.

இதுவரை கூறியது மகிழ்ச்சியான பகுதி. வரலாற்றைப் பயில்வோர் அதன் மறுபக்கத்தையும் மறைக்காது பார்த்தல் வேண்டும்.

அதே 1833ஆம் ஆண்டு செப்டம்பரில், பொட்டவாட்டமி, ஒட்டாவா, ஓஜிப்வே ஆகிய மக்களில் ஆயிரக்கணக்கானோர் சிக்காகோவில் திரண்டனர். அவர்களுடைய எஞ்சிய நிலத்தை வாங்க அமெரிக்க அரசு அழைத்த கூட்டம் அது. நிலத்தின் விலையாக வரும் பணத்திலும் பொருளிலும் பங்கு பெற வணிகர் பலர் கூடினர். சாராயம் தாராளமாக ஓடிற்று. அச்சமயம் அங்கு வந்திருந்த சார்லஸ் லாட்ரோப் என்ற ஆங்கிலப் பயணி, தாம் தங்கிய விடுதியின் நெரிசலையும் இரைச்சலையும் வெறுத்து எழுதியிருக்கிறார். பழங்குடியினரை அறிவிழக்கச் செய்து நடந்த வணிகத்தைக் கண்டு அவர் மனம் நொந்தார். முடிவில் ஏறக்குறைய 50 இலட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. அம்மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும் என்பது உடன்படிக்கை.

1835ஆம் ஆண்டு ஆகஸ்ட்டில் அவர்கள் இறுதியாகச் சிக்காகோவில் கூடினர். ஏறத்தாழ 800 வீரர் முகத்திலும் மார்பிலும் வண்ணம் தீட்டி, தடிகளும் கோடரிகளும் ஏந்திப் போர்நடனம் ஆடியவாறு தெருக்களின் வழியே சென்றனர். சாகனாஷ் விடுதியின் மாடிச் சன்னலிலிருந்து அதனைக் கண்டவருள் ஒருவர் ஜான் டீன் கேட்டன் என்ற வழக்கறிஞர். பின்னாளில் இல்லினாய் மாநிலத்தின் தலைமை நீதிபதியாக விளங்கியவர். ஆடியவர் சன்னல்களை நோக்கிக் கோடரிகளை உயர்த்தியபோது உள்ளே இருந்தோர் நடுங்கினர் என்று அவர் எழுதினார். ஆயினும் அவர்கள் ஒருவரையும் தாக்கவில்லை. ஒரு கதவையும் உடைக்கவில்லை. தாம் பிறந்த நிலத்திடம் தமக்குத் தெரிந்த முறையில் விடைபெற்றுச் சென்றனர்.

எந்தத் தலைவரின் பெயரை அவ்விடுதி தாங்கி நின்றதோ, அந்தத் தலைவரும் தங்கவில்லை. பில்லி கால்டுவெல் தம் மக்களோடு மேற்கே சென்று, 1841இல் அயோவாப் பகுதியில் இறந்தார். அவ்வூரின் பழைய வீட்டுக்காரர் வழிப்போக்கர் ஆயினர். நேற்று வந்த விருந்தினர் வீட்டுக்காரர் ஆயினர். இன்றும் சிக்காகோவில் ஒரு குடியிருப்புப் பகுதி சாகனாஷ் என வழங்குகிறது. பெயரை வைத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிட்ட ஊர்களுள் அது முதலாவதும் அன்று, இறுதியானதும் அன்று.

போபியன் 1834இலேயே சாகனாஷ் விடுதியைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு வேறொரு விடுதியைத் தொடங்கியிருந்தார். அப்போது ஊரெங்கும் நிலப் பித்துப் பிடித்திருந்தது. கால்வாய் வரப்போகிறது என்ற செய்தியால் நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறிற்று. காலையில் வாங்கிய மனையை மாலையில் விற்று ஆதாயம் கண்டனர். 1836இல் லேக் ஹவுஸ் என்ற மூன்றடுக்குச் செங்கல் விடுதி எழுந்தது. அங்கே அச்சிட்ட உணவுப் பட்டியலும் கைத்துணியும் மேசைக்கு வந்தன. போர்வையை மாற்றி மாற்றிப் போர்த்திய காலம் முடிந்துவிட்டது. 1837ஆம் ஆண்டு மார்ச்சில் சிக்காகோ மாநகர உரிமை பெற்றது. மக்கள் தொகை 4,170. அவ்வாண்டிலேயே நாடெங்கும் நிதி நெருக்கடி தோன்றி, நில வணிகர் பலர் வீழ்ந்தனர். ஆளின்றி நின்ற சாகனாஷ் விடுதியின் உணவுக் கூடத்தில், ஊர்ஊராகச் சென்று நடிக்கும் குழு ஒன்று சிக்காகோவின் முதல் நாடக அரங்கை அமைத்தது.

ஊர் பிறந்தபோது அதன் நடுவே நின்ற போபியன் பெருஞ்செல்வர் ஆகியிருக்க வேண்டும் அன்றோ? அவர் கையில் இருந்த மனைகள் பின்னாளில் கோடிக்கணக்கில் விலைபோன நிலத்தில் இருந்தவை. அவற்றை அவர் வந்த விலைக்கு விற்றார், கேட்டவர்க்குக் கொடுத்தார். ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று முதுமையில் ஒருவர் வினவியபோது, அங்கே ஒரு நகரம் வரும் என்று தாம் எதிர்பார்க்கவே இல்லை என்று விடையளித்தாராம். எளிய விடைதான், ஆனால் இதனைப் படித்தபோது நான் நெடுநேரம் சிந்தித்தேன். நகரம் வரும் என்று கணக்கிட்டவர் நிலத்தை வாங்கினர். நகரம் வரும் என்று அறியாதவரோ வந்தவர்க்கெல்லாம் கதவைத் திறந்தார். நகரம் வந்தது. முன்னவரின் கணக்கும் அதற்கு வேண்டியிருந்தது. ஆனால் பின்னவரின் திறந்த கதவு இல்லையெனில் முன்னவர் தங்குவதற்கே இடம் இருந்திராது.

போபியனின் பிற்கால வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லலாம். அவர் சிக்காகோவை விட்டு மேற்கேயுள்ள லைல் என்னும் ஊர்ப்புறத்துக்குச் சென்று குடியேறினார். சேற்றுச் சாலைகளின்மேல் மரப்பலகைகளை வரிசையாகப் பரப்பிப் ‘பலகைச் சாலை’ அமைத்த காலம் அது. அச்சாலைகளில் செல்லும் வண்டிகளுக்குச் சுங்கம் வாங்கினர். போபியனின் வீடு அத்தகைய சுங்கச் சாவடிகளுள் ஒன்றாயிற்று. சில காலம் அவர் சிக்காகோத் துறைமுகத்தில் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் பணியும் புரிந்தார். விடுதி, ஓடம், சுங்கச் சாவடி, கலங்கரை விளக்கம் என அவர் ஏற்ற தொழில்களை நிரல்படுத்திப் பாருங்கள். வாழ்நாள் முழுவதும் அவர் வழிப்போக்கர்க்கே பணி செய்திருக்கிறார். இருமுறை மணந்து, இருபதுக்கு மேற்பட்ட மக்களைப் பெற்றவர் அவர்.

ஊரோ நில்லாமல் வளர்ந்தது. 1848இல் கால்வாய் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சிக்காகோவின் முதல் புகைவண்டியும் ஓடிற்று. புல்வெளியை உழுது விளைத்த கோதுமை சிக்காகோவில் வந்து குவிந்தது. 1851இல் பழைய சாகனாஷ் விடுதி தீக்கிரையாயிற்று. ஆனால் அந்த இடத்தின் கதை அத்துடன் முடியவில்லை. 1860ஆம் ஆண்டில் அதே மூலையில், ஏறக்குறையப் பதினாயிரம் பேர் கூடுவதற்குரிய பெரிய மரக் கூடம் ஒன்றைக் கட்டினர். விக்வாம் என்று அதற்குப் பெயர். பழங்குடியினரின் குடிலைக் குறிக்கும் சொல் அது. மே மாதம் 18ஆம் நாள் அக்கூடத்தில் கூடிய குடியரசுக் கட்சியினர் ஆபிரகாம் லிங்கனைக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குத் தம் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தனர். 28 பேர் வாக்களித்த மூலையிலிருந்தே, அடிமை முறை ஒழிவதற்குக் காரணமான தலைவரின் பெயரும் நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது.

1871ஆம் ஆண்டு அக்டோபரில் பெருந்தீ ஒன்று சிக்காகோவின் நடுப்பகுதியை அழித்தது. ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வீடிழந்தனர். நகரம் மீண்டும் எழுந்தது. முன்னினும் பெரிதாக எழுந்தது. 1879இல் கலுமெட் கழகத்தார், 1840க்கு முன்னர் ஊருக்கு வந்த முதியோரை அழைத்து விருந்தளித்தனர். அவர்களிடையே எண்பது வயதை நெருங்கிய போபியனும் இருந்தார். தம் பழைய பிடிலை எடுத்து வாசித்தார். 1881இல் அவர் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டின் கணக்கெடுப்பில் சிக்காகோவின் மக்கள் தொகை 5,03,185. அவர் வந்தபோது ஒரு கூடத்தில் அமர்த்திவிடக்கூடிய அளவினரே அவ்வூரில் வாழ்ந்தனர். ஒரு மனிதரின் ஆயுளுக்குள் இத்துணை மாற்றம் நிகழ்ந்தது.

இப்பேச்சின் தொடக்கத்தில் விவேகானந்தரைக் குறிப்பிட்டேன். 1893ஆம் ஆண்டு பேரவை தொடங்குவதற்குச் சற்று முன்னர் மாலைப் பொழுதில் சிக்காகோ வந்திறங்கிய அவர், தாம் செல்ல வேண்டிய இடத்தின் முகவரியைத் தவறவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். புகைவண்டி நிலையத்தின் சரக்கு வெளியில் கிடந்த பெட்டி ஒன்றிலே அவர் இரவைக் கழித்தார். மறுநாள் காலை செல்வர் வாழும் தெருவில் வீடுவீடாகச் சென்று உதவி கேட்டார், கதவுகள் மூடப்பட்டன. களைத்துத் தெருவோரத்தில் அமர்ந்த அவரை எதிர்வீட்டிலிருந்து கண்ட ஹேல் அம்மையார் என்ற பெண்மணி இறங்கி வந்து, உள்ளே அழைத்துச் சென்று, உணவளித்து, பேரவை அலுவலகத்துக்கு வழிகாட்டினார். அத்தெருவுக்கு டியர்பார்ன் என்று பெயர். போபியனின் காலத்தில் ஆற்றங்கரையில் நின்ற அதே கோட்டையின் பெயர்.

சில குடில்கள் மட்டுமே இருந்த ஊரில், போர்வை பற்றாவிட்டாலும் ஒருவரும் வெளியே படுக்கவில்லை. பத்து இலட்சம் பேர் வாழ்ந்த நகரில் ஒரு விருந்தினருக்கு ஓர் இரவு இடம் கிடைக்கவில்லை. நகரம் வளர்வது நன்று. அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் மாடிகள் உயர்வதைக் கொண்டு மட்டும் வளர்ச்சியை அளத்தல் போதாது. நீங்கள் கல்வி முடித்துப் பெரிய நகரங்களில் வேலை பார்க்கச் செல்வீர்கள். உங்களுள் சிலர் புதிய ஊர்களையே அமைப்பீர்கள். அப்போது இரண்டு கேள்விகளை மறவாதீர்கள். இந்நிலத்தில் முன்பு வாழ்ந்தவர் இப்போது எங்கே இருக்கின்றனர்? இன்று மாலை இங்கு வந்து சேரும் அயலானுக்கு யார் கதவைத் திறப்பார்?

முதற் கேள்விக்குச் சிக்காகோ தலைகுனியத்தான் வேண்டும். இரண்டாம் கேள்விக்கு அந்நகரம் சொல்லக்கூடிய நல்ல விடைகள் சில உண்டு. அவற்றுள் ஒன்று ஹேல் அம்மையார். மற்றொன்று, நீலக் கதவுகள் வைத்த வீட்டில் பிடில் வாசித்த அந்த விடுதிக்காரர்.